அ ஃபார் ஆம்பாய்

கலிபோர்னியா பாலைவனத்துல இருக்கற ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவப் பாத்துட்டு அப்படியே வேகாஸ் போயிடலாம்னு கிளம்புனோம். ட்வென்டிநைன் பாம்ஸ்ங்கிற ஊரத் தாண்டுனதும் போன்ல சிக்னல் போச்சு, அதுக்கப்புறம் 50 மைல் கிட்ட பங்க் கிடையாது, டீக்கட பத்தி பேச்சே இல்ல. ஒரு மலைய ஏறி இறங்குனா கீழ பிரிஸ்டல் உப்பு ஏரி, நீளநீளமா வாய்க்கால் வெட்டி விட்டுருக்காங்க, ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துக் கிடக்கு. நான் தூத்துக்குடிக்காரன், உப்பளம் புதுசில்ல, ஆனா கடலே இல்லாத உப்பளம் இதான் முதல் தடவ.

அதத் தாண்டுனா ஆம்பாய். ஊர்னு சொல்றதே பெரிய வார்த்த. மேயர், கவுன்சில் ஒண்ணும் கிடையாது, எல்லாம் சான் பெர்னார்டினோ கவுண்டிதான் (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஒரு போஸ்ட் ஆபீஸ், மூடுன ஸ்கூல், ராய்ஸ் மோட்டல், அதோட 1959ல வச்ச பெரிய போர்டு. நாங்க போனப்ப மோட்டல்ல ரூம் கிடையாது, கண்ணாடி வழியா எட்டிப் பாத்துட்டு வந்தோம், அவ்ளோதான். பக்கத்துல ஹைவே 40 வந்ததும் இந்த ஊர் வழியாப் போற பழைய மெயின் ரோடு ரூட் 66 காத்தாடிப் போச்சு, 2005ல ஒரு சிக்கன் கடை முதலாளி ஊரையே மொத்தமா 4,25,000 டாலருக்கு வாங்கிட்டாரு. லாஸ் ஏஞ்சலஸ்ல அந்தக் காசுக்கு ஒரு உருப்படியான வீடு வராது.

எனக்குப் புடிச்சது வேற. 1883ல ரயில் பாதை போட்டப்ப ஸ்டேஷன்களுக்கு வரிசையா ஏபிசிடி பேரு வச்சிருக்காங்க: ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி... அப்படியே 'ஜி'க்கு காஃப்ஸ், அதுக்கு மேலயும் போகுது. எவனோ ஒரு இன்ஜினியர் யோசிக்க சோம்பேறித்தனப்பட்டுருக்கான்னு நெனச்சேன். வீட்டம்மா, "உங்க ஃபைல் பேரெல்லாம் நியூ1, நியூ2 தானே"ன்னுட்டா.

ரூட் பியர் ஒண்ணு வாங்கி (பேர்லதான் பியர், சும்மா கலர் சோடாதான்; அயோடெக்ஸக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருந்துச்சு) நிழல்ல நின்னா கூட்ஸ் வண்டி வருது, முன்னாடி நாலு இன்ஜின், கன்டெய்னர் மேல கன்டெய்னர், நூத்திப்பத்து வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன், வால் இன்னும் மலைப்பக்கம் தெரியுது. ரயிலுக்குன்னே பொறந்த ஊரு, இப்ப எந்த ரயிலும் இங்க நிக்கிறதில்ல, ஹார்ன் மட்டும் அடிச்சுட்டுப் போகுது.

கிளம்பி கொஞ்ச தூரத்துல ரோட்டோர மண்மேடு முழுக்க கருங்கல்லு அடுக்கி ஆளாளுக்குப் பேரெழுதி வச்சிருக்காங்க. நாங்களும் இறங்குனோம். முழுப் பேருக்கெல்லாம் வெயில் விடல, ஒரே ஒரு 'அ' போட்டோம், அதுலயும் சுழிக்குக் கல்லு பத்தாம ரெண்டு தடவ போய் பொறுக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு.