அவர் உங்கள் ஆள்

எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் டூர் மேனேஜர்களுக்கு நடத்தும் பயிற்சியில், என் பெயரைச் சொல்லாமல் என் கதையைச் சொல்கிறார்கள். கேட்டமரன் படகில் போன ஓர் அம்மையார் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிய கடலில், ஆழம் தெரியாமல் போய்விடுகிறார். விழிப்பாக இருந்த டூர் மேனேஜர் ரப்பர் படகை அனுப்பி அவரைத் திரும்பக் கொண்டுவருகிறார். விருந்தினர் முகம் கோணினாலும் பரவாயில்லை, உயிர்தான் முக்கியம் என்று பாடம் முடிகிறது. பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஆமோதிக்கவும் வாய் வரவில்லை.

கேப்ரியல் தீவுப் பயணத்தை விவரிக்கத் தேவையில்லை. மொரீஷியஸ் போய்வந்த எல்லோருடைய கைப்பேசியிலும் அது இருக்கிறது: கிராண்ட் பேயில் காலையில் ஏறுவது, படகின் முன்பக்க வலையில் மல்லாந்து படுப்பது, க்வான் த மீர் பாறையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு படம், அதைத் தாண்டியதும் திறந்த கடலின் ஆட்டத்தில் நாலைந்து பேருக்கு வாந்தி, பிறகு திடீரென்று கண்ணாடித் தண்ணீர். எங்கள் பயணத்திட்டத்தில் 'தீவின் லகூனில் நீச்சல்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறோம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. சேலத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிற குடும்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டு கரையேறுவார்கள். அதுதான் நீச்சல். அதில் தவறு ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுவே வசதி.

அன்று காலை பஸ்ஸில் மைக்கைப் பிடித்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தூக்கினார்கள். ஒருவர், "எனக்குக் கடப்பாரை நீச்சல்தான்" என்றார், பஸ்ஸே சிரித்தது. மூன்றாவது வரிசையில் இருந்தவர், நான் தனியாகக் கேட்காமலே, மனைவியைக் காட்டி, "இவளுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம், சார்" என்றார். அந்த அம்மா ஜன்னல் வழியாகக் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. என் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டேன். பின்னால் அலுவலகத்தில் எனக்குக் கைகொடுத்தது அந்தக் குறிதான்.

அந்த இடத்துத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தரப்பு நியாயம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. கேப்ரியல் தீவுக்கும் எதிரே 1855-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தோடு கிடக்கும் ஃப்ளாட் தீவுக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகலான நீர்ப்பரப்பு. வெளிக்கடலின் அலை பவளத்திட்டின் மேல் உடைந்து உள்ளே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கொட்டிய தண்ணீர் எங்காவது வெளியேற வேண்டும் அல்லவா? திட்டில் எங்கே வாய் இருக்கிறதோ அந்த வழியாக இழுத்துக்கொண்டு ஓடும். கடல் வற்றும் நேரத்தில் இழுப்பு இன்னும் கூடும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விரித்துப் போட்ட பட்டுப் புடவை மாதிரி கிடக்கும். கரையோரம் வெளிர்பச்சை, நடுவில் ஒரு கருநீலப் பட்டை. வெளிர்நிறத்துக்குள்ளேயே இருங்கள், கருநீலத்துக்குப் போகாதீர்கள் என்று படகுக்காரர்கள் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். நானும் அதைத் தமிழில் சொன்னேன்.

அம்மா கருநீலத்துக்குப் போனார்.

முதலில் பார்த்தவர் அவருடைய கணவர். படகின் மேல்தட்டில், கையில் பீனிக்ஸ் பீரோடு நின்றவர், "சார், யாரோ ரொம்ப தூரம் போகிறார்கள், பாருங்கள்" என்றார். யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. அவருக்கும் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு நான் பார்த்த எல்லாவற்றிலும் அந்த முகம் கலந்துவிட்டது.

நீச்சல் குளத்தில் கற்றவர்கள் முகத்தை உள்ளே அமிழ்த்திக் கையைச் சுழற்றிப் போவார்கள். இவர் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மார்புக்கு முன்னால் இரண்டு கைகளாலும் தண்ணீரை விலக்கி விலக்கி, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். கிணற்றிலும் ஆற்றிலும் கற்றவர்களின் நீச்சல் அது. ஆனால் அவர் பார்த்த திசையில் அவர் போகவில்லை. முகம் ஃப்ளாட் தீவை நோக்கி இருந்தது. உடல் பக்கவாட்டில், திட்டின் வாய் இருந்த பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

படகின் கப்டன் அப்போது மார்லின் மீன் துண்டுகளைக் கம்பி அடுப்பில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். இடுக்கியைக் கையில் வைத்தபடியே பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு, "நன்றாகத்தான் நீந்துகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மூச்சு விடுவதற்குள் இன்னொன்றும் சொன்னார்: "ஆனால் அவர் உங்கள் ஆள்."

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் புரட்டாத பக்கம் இல்லை. ஆபத்து என்று நினைத்திருந்தால் கடலிலேயே வாழ்கிற மனிதர் இடுக்கியோடு நின்றிருக்க மாட்டார். ஆகவே ஆபத்து இல்லை என்றுதான் அர்த்தம். அப்படியானால் அந்த 'ஆனால்' எதற்கு? விருந்தினர்கள் முன்னால் பதறக் கூடாது என்று நாசூக்காகச் சொன்ன எச்சரிக்கையாகவும் இருக்கலாம். நாளைக்கு ஒன்று ஆனால் என்னைக் கேட்காதே என்று கை கழுவியதாகவும் இருக்கலாம். உங்கள் பெண்கள் எங்கே வரை போகலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்று சொன்னாரோ என்றும் சில சமயம் தோன்றும். சொல்லிவிட்டு அவர் ரப்பர் படகின் கயிற்றை ஒரு முறை பார்த்தார் என்று எனக்கு நினைவு. பயிற்சி வகுப்பில் கேட்டுக் கேட்டு நானே சேர்த்துக்கொண்ட நினைவாகவும் இருக்கலாம் அது.

"படகை அனுப்புங்கள்" என்றேன்.

படகை ஓட்டிப் போனவன் ஒரு மொரீஷியஸ் தமிழ்ப் பையன். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் காவடி எடுப்பவன். தமிழ் பேச வராது. காலையிலிருந்து எங்கள் ஆட்கள் அவனிடம் ஊர், குலம் எல்லாம் தமிழில் விசாரித்துக் களைத்துப் போயிருந்தார்கள். அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் எஞ்சினை அணைத்துக் கையை நீட்டினான். அம்மா கையைப் பிடிக்கவில்லை. எங்கள் படகைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாமாகவே திரும்பி நீந்தத் தொடங்கினார். பையன் துடுப்பால் மெல்லத் தள்ளியபடி பக்கத்திலேயே வந்தான். பாதி வழியில் அவர் ஒரே ஒரு முறை அந்த ரப்பர் படகின் பக்கவாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மிதந்தார். பிறகு விட்டுவிட்டு நீந்தினார்.

அந்தக் கயிற்றைத்தான் என் மனம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. களைத்துப் பிடித்தாரா? எதிர் இழுப்பில் திரும்பி வர அவருக்குத் தெம்பு போதவில்லை என்றால் நான் செய்தது சரி, விவகாரம் அங்கேயே முடிந்தது. அல்லது, இவ்வளவு தூரம் வந்த பையனின் மனம் கோணக் கூடாதே என்று பிடித்தாரா? எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படியும் செய்வார்கள். பசியே இல்லாமல் விருந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள்தானே.

ஏணியில் ஏறி வந்தார். சுடிதாரிலிருந்து தண்ணீர் ஒழுகியது. துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டியிருந்தார்.

"என்ன தம்பி, நான் மூழ்கினேனா?"

"இல்லை அம்மா. இங்கே இழுப்பு அதிகம், அதனால்தான்..."

"இழுப்பு எனக்குத் தெரியாதா? திருவையாற்றுப் பக்கம் பிறந்தவள் நான். காவிரியில் நேராக யாராவது அக்கரைக்குப் போவார்களா? மேலே இறங்கிக் கீழே ஏறுவோம்."

"பஸ்ஸில் கேட்டபோது நீங்கள் சொல்லவே இல்லையே, அம்மா."

"நீங்கள் அவரிடம் அல்லவா கேட்டீர்கள்?"

நான் எல்லோரிடமும்தான் கேட்டேன். பதில் சொன்னவர் அவர். இதை அங்கேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்குள் கணவர் வந்து, "உனக்கு எப்போது நீச்சல் தெரியும்?" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே" என்றார் அம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். மீன் வெந்துவிட்டது, எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காவிரி வாதத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை உண்டு. இழுத்துக்கொண்டு போனாலும் கீழே ஏதாவது ஒரு படித்துறையில் ஏறிவிடலாம். அந்தத் திட்டின் வாய்க்கு வெளியே இந்தியப் பெருங்கடல்தான். அவர் கணக்கு ஆற்றில் சரி, அங்கே செல்லாது. மேலும் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தண்ணீரில் இறங்கியதே இல்லை என்றால், எத்தனை வருட இடைவெளி அது? மனத்துக்கு மறக்காதது தசைக்கு மறந்திருக்கும். ஏதாவது ஆகியிருந்தால் 10 கிலோமீட்டருக்கு மேல் ஆடும் கடலைத் தாண்டித்தான் மருத்துவமனைப் பக்கம் போகவே முடியும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி, அழகாக மடித்து, மேலே மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எந்த டூர் மேனேஜரும் படகை அனுப்பத்தான் வேண்டும்.

ஆனால் அதே கருநீலத்துக்கு, அரை மணி நேரத்துக்கு முன்னால், அந்தக் கல்லூரிப் பையன்கள் போனார்கள். ஜாக்கெட் அவர்களும் போட்டிருக்கவில்லை. நான் பார்த்தேன். கையைத் தூக்கி, "தம்பிகளா, அந்தப் பக்கம் வேண்டாம்" என்று கத்தினேன். அவர்கள் கட்டைவிரலைக் காட்டினார்கள், கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். படகு அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால், அவர்கள் கை தூக்கியவர்கள். பட்டியலில் சரிக் குறி போட்டிருந்தேன். என் கண்ணுக்கு முன்னால் ஒருவர் எப்படி நீந்துகிறார் என்பதைவிடப் பட்டியல் பெரிதா என்று கேட்டால், ஆமாம், இந்தத் தொழிலில் பட்டியல் பெரிதுதான். இருபது பேரைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் நம்பினால் ஒரு நாள் கடல் பாடம் சொல்லிவிடும். இப்படிச் சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. இரவில் படுத்ததும் அந்தக் கட்டைவிரல் வந்து நிற்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கோபமாக இல்லை. அதுதான் இன்னும் சங்கடம். என் பக்கத்தில் வந்து, இந்தத் தீவில் யாராவது குடியிருந்தார்களா என்று கேட்டார். பேச்சை மாற்றக் கிடைத்த வாய்ப்பு என்று, வழக்கமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். 1856-இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த இரண்டு கப்பல்களில் காலரா என்று தெரிந்ததும், மொரீஷியஸ் கரையில் இறங்க விடாமல், அவர்களைக் கேப்ரியல் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். தங்க இடம், மருந்து எதுவும் சரியாக இல்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் இங்கேயே செத்தார்கள். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும் இந்தியாவில் இருந்த ஆங்கில அரசு கொஞ்ச காலம் இங்கே ஆள் அனுப்புவதையே நிறுத்தி வைத்தது. ரம் பஞ்ச் கையில் இருப்பவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் மதிப்பெண் குறையும். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, "படகு எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்றார்.

கருத்துப் படிவத்தை இருவருக்கும் சேர்த்துக் கணவரே நிரப்பிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. கீழே 'மிகப் பொறுப்பான டூர் மேனேஜர்' என்று ஒரு வரி. அந்த வரியிலிருந்துதான் பயிற்சி வகுப்புக் கதை முளைத்தது.

வேறொரு குழுவோடு போனபோது கப்டனிடம் கேட்டேன். "எந்த அம்மா?" என்றார். அவருக்கு நினைவில்லை, வாரம் முழுவதும் இந்தியக் குழுக்கள்தான். அடையாளம் சொல்லி விளக்கியதும் தலையசைத்தார். "படகு அனுப்பியது நல்லது" என்றார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஐஸ் பெட்டியை மூடிவிட்டு, "அனுப்பாவிட்டாலும் வந்திருப்பார்" என்றார். மனிதர் இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறார். இவரிடம் இனிமேல் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நான் சொல்லி ஒரு மாற்றம் வந்தது. இப்போது பஸ்ஸில் கை தூக்கச் சொல்வதில்லை. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, அவரவர் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவனத்தில் இதையும் பாராட்டினார்கள். சீட்டுகளை வாங்கிப் பார்த்தால் கணவன் சீட்டும் மனைவி சீட்டும் பெரும்பாலும் ஒரே கையெழுத்தில்தான் வருகின்றன. கடந்த குழுவில் ஒரு சீட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'தெரியாது' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு பேனாவால் 'கொஞ்சம்' என்று எழுதியிருந்தது. எங்கள் பட்டியலில் இருப்பது சரிக் குறியும் பெருக்கல் குறியும்தான். படகு கிளம்ப நேரமாகிவிட்டது. பின்னால் நிற்பவர்கள் தள்ளுகிறார்கள். பெருக்கல் குறி போட்டேன்.