என்ஜிசி 1275: எஸ்-டூ ஃபில்டரில் சிக்கிய ஹைட்ரஜன் இழைகள்

பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தின் நடுநாயகமான மண்டலம் என்ஜிசி 1275. தூரம் ஏறக்குறைய 23 கோடி ஒளியாண்டு. அல்கோல் நட்சத்திரத்துக்குக் கிழக்கே, சற்று வடக்குத் தள்ளி, இரண்டேகால் டிகிரியில் இருக்கிறது. நவம்பர் மாத நள்ளிரவில் உச்சிக்கு வரும். அதன் ஹைட்ரஜன் வாயு இழைகளைப் படமெடுக்கக் கருவி 200 மி.மீ. எஃப்/4 நியூட்டோனியன் தொலைநோக்கி, 3.76 மைக்ரான் பிக்சல் மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமரா. பிக்சலுக்கு 0.97 ஆர்க்செகண்ட்.

முதல் சுற்று வீண். ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டை மட்டும் விடும் 7 நானோமீட்டர் அகல எச்-ஆல்ஃபா ஃபில்டரில் 4 மணி நேரம் எடுத்தும் ஒரு இழைகூடத் தெரியவில்லை. மண்டலம் நம்மைவிட்டு விலகுவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. இந்தச் செந்நகர்வு 0.0176 என்பதால் 656.3 நானோமீட்டரில் வரவேண்டிய கோடு 667.8-க்குப் போய்விடுகிறது, ஃபில்டரோ 660-க்கு முன்பே மூடிக்கொள்கிறது.

இரண்டாம் சுற்றுக்கு 12 நானோமீட்டர் எஸ்-டூ, அதாவது கந்தகக் கோட்டுக்கான ஃபில்டர். அது விடும் ஒளி 666.4 முதல் 678.4 வரை. ஹைட்ரஜன் உள்ளே வருகிறது, 669.9-இல் நைட்ரஜன் கோடும் வருகிறது. முன்னால் மோத வரும் இன்னொரு விண்மீன் மண்டலம் நொடிக்கு சுமார் 8,200 கி.மீ. வேகம் காட்டுவதால் அதன் ஹைட்ரஜன் 674.2-இல், அதுவும் உள்ளேதான். 3 நானோமீட்டர் எஸ்-டூ வாங்கியவர்களுக்கு இந்த மூன்றுமே கிடைக்காது. 300 நொடி வீதம் 120 ஃபிரேம்.

ஃபிரேம்களை ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்ததும் தெரிவது மண்டலத்தின் நட்சத்திர ஒளிதான், இழைகள் அதற்குள் புதைந்திருக்கும். அதே இரவில் சிவப்பு ஃபில்டரிலும் எடுத்து, அந்தப் படத்தை, அளவுமீறி வெளுத்துப்போகாத 30, 40 நட்சத்திரங்கள் இரண்டு படத்திலும் காட்டும் ஒளி விகிதத்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெருக்கும் எண் கூடினால் படத்தின் மையம் கறுத்த பள்ளமாகும், குறைந்தால் வழவழப்பான முட்டை வடிவ ஒளி மிஞ்சும். நட்சத்திரங்களைச் சுற்றி வளையம் விழுந்தால் இரண்டு படத்தின் கூர்மை ஒத்துப்போகவில்லை. கூர்மையானதை லேசாக மங்கவைத்த பிறகு கழிக்கலாம். கழித்த கணத்தில் மையத்திலிருந்து நாலாபக்கமும் சிலந்திக்கால் போல இழைகள் எழும்பி வருவது, பத்து மணி நேரத்துக்கும் ஈடான காட்சி.

சிவப்பாக ஒளிர்வதெல்லாம் நட்சத்திரம் பிறக்கும் இடமல்ல. பல இழைகளில் வாயு மட்டுமே. இளம் நட்சத்திரங்கள் சிலவற்றில்தான் உண்டு, அவை நீலத்தில் தெரியும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன் அளவுக்கு நட்சத்திரம் பிறக்கும் ஃபீனிக்ஸ் கொத்தில், செந்நகர்வு மிக அதிகம் என்பதால், இதே ஹைட்ரஜன் கோடு 1047 நானோமீட்டருக்குப் போய்விடும். நம் சென்சார்கள் அங்கே ஏறக்குறைய குருடு.

அடுத்து அந்த இளம் நட்சத்திரங்களுக்காக நீல ஃபில்டரில் 6 மணி நேரம், நிலவில்லாத இரவுகளில் மட்டும்.