பி பக்கம்

2014 மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். இரவு ஷிப்ட். ஒரு சொட்டு கூழை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து, பெங்களூரா ரக மாம்பழம் என்றால் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, 14-க்குக் குறையவில்லையே என்று பார்த்து எழுத வேண்டும். இடையில் தூக்கம் வந்தால் பாய்லர் ஷெட்டுக்குப் போய்விடுவேன், அங்கே டீ இருக்கும்.

பாய்லர் அண்ணனிடம் ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரே ஒரு 90 நிமிட கேசட்டும் இருந்தன. 1986-ல் ரவுண்டானா பக்கம் ரெக்கார்டிங் கடையில் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியதாம். அட்டையில் சிவப்பு மையில் 'மைக் மோகன் ஹிட்ஸ்'. டேப் தேய்ந்து, எஸ்.பி.பி.க்குச் சளி பிடித்த மாதிரி கேட்கும். ஏ பக்கக் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவிலேயே அறுந்துவிடும். கடைக்காரர் கணக்குப் போட்டது அவ்வளவுதான். (அதே பாட்டை இப்போது செல்போனில் கேட்டால், அந்த இடத்தைத் தாண்டி ஓடுவதுதான் எனக்குத் தப்பாகப் படுகிறது.)

"ஏண்ணா, மோகன் இன்னும் மைக்கைக் கீழே வைக்கலையா?" என்பேன். பேக்கிங் பையன்களும் சேர்ந்துகொள்வார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே அடுப்பில் விறகைத் தள்ளுவார். அந்தச் சிரிப்பைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டது என் வயசு.

ஒரு நாள் என் ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைத்தேன். எல்லாம் புதுப் பாட்டு, விடியும்வரை நிற்காது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கேசட்டை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணி வாக்கில் உள்ளே இருந்து சத்தம். ஸ்டீம் பிரஷர் விழுந்து, ஸ்டெரிலைசரில் சூடு குறைந்து, கூழ் ட்ரம்முக்குப் போகாமல் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் கண் அசந்திருக்கிறார், விறகு சாம்பலாகிக் கிடக்கிறது, ஸ்பீக்கர் மட்டும் குத்துப்பாட்டில் இருக்கிறது. சூப்பர்வைசர் கத்தியதை எல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கர் யாருடையது என்ற பேச்சே வரவில்லை.

டீ குடிக்கும்போதுதான் சொன்னார்: "ஒரு பக்கம் 45 நிமிஷம் தம்பி. பாட்டு நின்னா, எவ்வளவு அசந்திருந்தாலும் எனக்கு முழிப்பு வந்துரும். எந்திரிச்சு விறகு போட்டு, தண்ணி பாத்துட்டு, திருப்பிப் போடுவேன். உன் பெட்டி நிக்கவே மாட்டேங்குதே."

"அப்போ பாட்டுக்காக இல்லையாண்ணா?"

"பிடிக்காமலா அந்தக் காலத்துல காசு கொடுத்து எழுதி வாங்கினேன்?" கொஞ்சம் கோபம்கூட இருந்தது குரலில்.

மறுநாள் ஸ்பீக்கரைக் கொண்டுபோகவில்லை. நான் ஷெட்டுக்குள் நுழையும்போது ஏ பக்கக் கடைசிப் பாட்டு. இரண்டாவது சரணம் வந்தது, அறுந்தது. அண்ணன் எழுந்து, பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்க்கப் போனார்.

"திருப்பிப் போடுப்பா" என்றார், கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.