கிறிஸ்துமஸுக்கு எதுகை கிடைத்துவிட்டது!

மூன்று டிசம்பராக மல்லுக்கட்டிய சொல் போன வியாழக்கிழமை ராத்திரி படிந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் எழுதுகிறேன். அட்டைகள் இன்னும் அச்சாகவில்லை, மூன்றாவது பாட்டு முடியவில்லை. அதெல்லாம் கிடக்கட்டும்.

பிள்ளைகள் உளறுவதைப் பிடித்துச் சின்னச் சின்னப் பாட்டாக்கி, அட்டையில் அச்சடித்து, அண்ணன் தம்பி வீடுகளுக்குக் கொடுப்பது என் ஆண்டிறுதிப் பொழுதுபோக்கு. விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளி விடுமுறை தொடங்கி, மழையும் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டுக்கான சரக்கு தேறும். என்னைப் படுத்தியது ‘கிறிஸ்துமஸ்’ என்ற அந்த ஒற்றைச் சொல்தான்.

அசை பிரித்தால் கிறிஸ் நிரை, துமஸ் நிரை. அழகான கருவிளச் சீர். வரியின் தொடக்கத்தில் சமர்த்தாக உட்காரும். வரிக் கடைசியில் வைத்தால் தொலைந்தோம். ‘ஸ்’ என்று முடிகிற சொல்லுக்கு எங்கே போவது? பஸ், ஐஸ், கிளாஸ். இரண்டு ஆண்டுக்கு முன் ‘கிறிஸ்துமஸ்... மினி பஸ்’ என்று எழுதி, அதை அச்சும் அடித்து, இருபது வீட்டுக்குக் கொடுத்தேன். இன்றும் என் அண்ணி அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். பாராட்டா பழிவாங்கலா என்று கேட்கவில்லை.

போன ஆண்டு பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்டி வழி சொன்னார்: “நாங்கள் நத்தார் எண்டுதானே சொல்லுறனாங்கள், அதைப் போடுங்கோவன்.” நத்தார், தேமா! தமிழ் ஓசை, எங்கும் பொருந்தும். ஒரே நாளில் மூன்று பாட்டு. தம்பி மகளிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அத்தை, நத்தார் யாரு? நம்ம வீட்டுக்கு வந்திருக்காரா?” என்றாள். மூன்றும் குப்பைக்குப் போயின.

குப்பை என்றதும் நினைவு வருகிறது. இந்த ஆண்டின் முதல் பாட்டே குப்பைக் குழாய்தான். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் புகைபோக்கி ஏது? இருப்பது குப்பையைக் கீழே தள்ளிவிடும் குழாய்தான். கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி உள்ளே வருவார்? அண்ணன் வீடு தோ பாயோவில், பழைய புளோக். குழாய் வாய் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. தம்பி வீடு பொங்கோலில். 1989க்குப் பிறகு கட்டிய புளோக்குகளில் மாடிக்கொரு பொதுக் குழாய்தான், மின்தூக்கிப் பக்கம். அண்ணன் மகன் (பாலர் பள்ளி, வயது ஆறு), “எங்க வீட்டுல நேரா கிச்சனுக்கு வருவார், உங்க வீட்டுல பெல் அடிக்கணும்” என்று பெருமையடிக்க, தம்பி மகள் (தொடக்கநிலை 2) யோசித்து, “அப்ப உங்க வீட்டுத் தாத்தா நாறுவார்” என்றாள். இதற்குமேல் நான் என்ன கற்பனை செய்ய?

குப்பைக் குழாயில் ஏறி வந்த
குண்டுக் கன்னத் தாத்தா,
உப்பு மீனின் நாற்றம் ஐயோ,
ஊறிக் குளித்துத் தா, தா!

அம்மாவுக்குக் கடைசி வரி பிடிக்கவில்லை. “பெரியவரைப் பார்த்துத் ‘தா’ என்பதா?” பாட்டில் சாமியையே ‘வா’ என்றுதானே கூப்பிடுகிறோம் என்றேன். முறைத்தார். மாற்றவில்லை.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். அண்ணன் வீட்டில் மரம் ஜோடித்துக்கொண்டிருந்தோம். மடக்கி எடுத்துவைக்கும் பிளாஸ்டிக் மரம். பொடியன் அதில் மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்த்தான். மணமே இல்லை. எழுந்து வெளியே போனான். தாழ்வாரத்தில் அண்ணி வளர்க்கும் தொட்டியிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்து வந்து, நட்சத்திரத்துக்குக் கீழே சொருகினான். “இப்ப வாசனை வருதுல்ல?”

அண்ணி கத்தினார். எனக்கோ காதில் மணி அடித்தது. கிறிஸ்துமஸ், கறிவேப்பிலை! இரண்டாம் எழுத்து இரண்டிலும் ‘றி’, முதல் எழுத்து இரண்டும் குறில், அதுவும் ககர வருக்கம். எதுகையோடு மோனையும் சேர்ந்து வந்தது. மூன்று வருடமாக நான் சொல்லின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். பயல் தலையைப் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

கிறிஸ்துமஸ் மரத்தில் வாசம் இல்லை,
கிளையெல்லாம் வெறும் பிளாஸ்டிக்கு!
கறிவேப் பிலையைக் கட்டி விட்டேன்,
கமகம ரசம்போல் இருக்கு!

‘கறிவேப் பிலையை’ என்பது ஓசைக்காகச் சொல்லை உடைக்கும் வகையுளிதான், தெரியும். மைலோ பானப் பொடி டின்னில் கரண்டியால் தட்டிப் பாடிப் பாருங்கள், அது காதில் விழாது. முதலில் நான்கு வரிக்குப் பின் ‘இயற்கையைப் போற்றுவோம்’ என்று இரண்டு வரி ஒட்டியிருந்தேன். அது எனக்குப் பழைய வியாதி. பிள்ளை சொல்லாததை அவன் வாயில் திணிக்கக்கூடாது என்று அடித்துவிட்டேன்.

அட்டைத்தாள் வாங்கியது வழக்கம்போல் புத்தக, எழுதுபொருள் கடைகள் இருக்கும் பிராஸ் பாசா கம்ப்ளெக்ஸ் பக்கம்தான். இந்த முறை 200 ஜிஎஸ்எம், பழுப்பு வெள்ளை. பளபளப்புத் தாள் வேண்டாம், பிள்ளைகள் அதில் வண்ணம் தீட்ட முடியாது. அச்சுக்குக் கொடுத்த கடையைப் பற்றித்தான் புலம்ப வேண்டும். மாதிரிப் பிரதியில் புள்ளியெல்லாம் பறந்து ‘கிறிஸதுமஸ’ என்று வந்தது. எழுத்துருவைப் பதிக்காமல் கோப்பை அனுப்பியது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்தாலே தெரியாதா? மூன்று வருடம் போராடிய சொல் ஐயா அது!

அடுத்தது கிறிஸ்துமஸ் தீவு. வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து தாத்தா வடதுருவத்தில் இல்லை, அங்கேதான் இருக்கிறார் என்று தம்பி மகள் அடித்துச் சொல்கிறாள். 1643இல் கிறிஸ்துமஸ் அன்று ஒரு கப்பல் கடந்துபோனதால் வந்த பெயர் அது. 1958இல் ஆஸ்திரேலியாவிடம் போகும்முன் அந்தத் தீவு சிங்கப்பூர் நிர்வாகத்தோடுதான் சேர்ந்திருந்தது என்றதும், “அப்ப தாத்தா சிங்கப்பூரரா?” என்றாள். அங்கே மழை தொடங்கியதும் சிவப்பு நண்டுகள் காட்டைவிட்டுக் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு நடக்கும். கலைமானுக்குப் பதில் நண்டு. எதுகைக்கும் கவலையில்லை: உண்டு, கண்டு, குண்டு, வண்டு.

கோடிக் காலில் கிளம்புது நண்டு,
கொடுக்கில் பரிசுப் பொட்டலம் உண்டு,
ஓடிப் போகுது கடலைக் கண்டு,

நான்காவது வரி வரவில்லை. ‘குண்டு’ என்று நான் போட்டதெல்லாம் செயற்கையாக இருக்கிறது. பொடியனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக் கேட்டேன். வரி தயாராம், ஆனால் ஒரு மைலோ டைனோசர் (மேலே மைலோ பொடி தூவிய ஐஸ் மைலோ) வாங்கிக் கொடுத்தால்தான் சொல்வானாம். சனிக்கிழமை தோ பாயோ போகிறேன்.