எதற்காக இந்தத் தொழில்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

தொழிலின் நோக்கத்தை எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து விழுவது ‘தரமான சேவை’, ‘வாடிக்கையாளர் திருப்தி’. இரண்டையும் அடித்துவிடுங்கள். தரமில்லாத சேவை தருவோம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் அந்த வரியை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. ‘மூன்று வருடத்தில் விற்பனை இரட்டிப்பு’ என்பது இலக்கு. எட்டிய மறுநாள் என்ன செய்வது என்று அது சொல்லாது.

முதலில் கையில் எடுக்க வேண்டியது பில் புத்தகம். கடைசி 24 மாத பில்களில் மூன்று குறி போடவும்: திரும்ப வந்தவர், தெரிந்தவரை அனுப்பிவைத்தவர், ஒரே முறையோடு நின்றவர்.

ஜனவரி 9

வகைக்கு நான்கு பேர், மொத்தம் 12 பேரிடம் பேசினால் போதும். ஆளுக்கு அரை மணி நேரம். ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுத வேண்டும். முதலாளியே கேட்கப் போனால் பலர் மரியாதைக்காக நல்லதை மட்டும் சொல்லிவிடுவார்கள்.

மூன்றே கேள்விகள். எங்களிடம் வருவதற்கு முன் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? எங்களைக் கூப்பிட்ட அன்று என்ன நடந்தது? நாளைக்கே நாங்கள் மூடிவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘வேறு ஆளைப் பார்ப்போம்’ என்று பதில் வந்தால் மனம் வலிக்கும். அதையும் சொன்னது சொன்னபடியே எழுதவும். நாம் திருத்தி எழுதினால் அது நம்முடைய விளம்பரம்போல மாறிவிடும்.

ஜனவரி 20

குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ‘வேலை சுத்தம்’, ‘நியாயமான விலை’ என்ற பதில்கள் வரும். அவற்றைத் தள்ளி வைக்கலாம். ‘அன்று ராத்திரியே வந்ததால் பால் தப்பியது’ என்று ஒருவர் சொன்னால் அங்கே நிற்க வேண்டும். கம்ப்ரசர் ஓடுவது அவருக்கு இரண்டாம் பட்சம். உள்ளே இருக்கும் சரக்குதான் அவருடைய கவலை. இதே கவலை வேறு வேறு வார்த்தைகளில் நாலைந்து பேரிடம் வந்தால் நோக்கம் அங்கேதான் இருக்கிறது.

வாக்கியத்தில் யாருக்கு, என்ன சிக்கல், என்ன மாறுகிறது என்ற மூன்றும் வேண்டும். ‘சிறு உணவு வியாபாரிகளின் சரக்கு, பெட்டி பழுதாகிக் கெட்டுப்போகாமல் காப்பது எங்கள் வேலை.’ போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அதற்கும் அப்படியே பொருந்தினால் இன்னும் கூர்மையாக்க வேண்டும்.

பிப்ரவரி 3

இனி அந்த வரி எதை மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சிவிஎஸ் மருந்துக்கடைச் சங்கிலி 2014இல் சிகரெட் விற்பதை நிறுத்தியது. வருடத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் விற்பனை போகும் என்று தெரிந்தே செய்தார்கள். உடல்நலம் காப்பதே வேலை என்று சொல்லிவிட்டு அதே கடையில் புகையிலையையும் விற்க முடியாது என்பதுதான் காரணம்.

நம் உதாரண நிறுவனத்துக்கு மறுப்பு எதுவென்றால், கோடையில் குவியும் வீட்டு ஏசி வேலைகள். நல்ல காசுதான். ஆனால் ஆட்களெல்லாம் அங்கே போய்விட்டால் ராத்திரி அழைப்புக்குப் போக ஆள் இருக்காது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அந்த வருமானம் இல்லாமல் சம்பளமும் வாடகையும் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, மூன்று மாதத்துக்குக் குறைவாக வந்தால் படிப்படியாகக் குறைக்கவும்.

பிப்ரவரி 17

பெரும்பாலும் கவிழ்வது இந்த இடத்தில்தான். சுவரில் ஒரு நோக்கம், சம்பளக் கணக்கில் வேறொரு நோக்கம். முடித்த வேலைக்கு இத்தனை என்று ஊக்கத்தொகை கொடுத்தால், மெக்கானிக் ஸ்டார்ட் ஆகாத கம்ப்ரசருக்கு, அதைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவார். பெட்டியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் காயிலில் அடைத்த தூசியைத் துடைக்க மாட்டார். சூடு வெளியேறாமல் கம்ப்ரசர் திணறி, சில வாரத்தில் மறுபடி நிற்கும், சரக்கும் கெடும். அவர்மேல் தப்பில்லை. எதற்குக் காசோ அதைச் செய்கிறார். தொகையை ‘30 நாளுக்குள் மறுபழுது வராத வேலை’ என்று மாற்றவும். வண்டியில் ரிலே, கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட் எப்போதும் இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு உதிரிபாகக் கடை திறந்திருக்காது.

மார்ச் 3

இரண்டு பேர் நலன் மோதும்போது யார் முன்னால் என்பதையும் எழுதி வைக்கவும். அமெரிக்க மருத்துவப் பொருள் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் 1943இல் எழுதிய கொள்கை ஒரே பக்கம்தான். அதில் அதன் பொருட்களைப் பயன்படுத்துவோரும் மருத்துவர்களும் முதலில், பிறகு ஊழியர்கள், அடுத்து சமூகம், பங்குதாரர்கள் கடைசியில். அந்த வரிசைதான் அதன் பலம் என்று நினைக்கிறோம். நம் உதாரண நிறுவனத்தில் ஒரு சிக்கலான கேள்வி: தொடர்ந்து நாலு ராத்திரி வேலை பார்த்தவரை ஐந்தாம் ராத்திரியும் அனுப்பலாமா? கூடாது என்பது எங்கள் முடிவு. வாரத்துக்கு இரண்டு இரவுக்கு மேல் ஒருவருக்கு இல்லை என்று முறைப்பட்டியல் போட்டு, அதற்கு மேல் வரும் அழைப்புகளை நம்பிக்கையான இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்ப இப்போதே பேசி வைக்கவும்.