கண்மாய்க்கு ஒரு கம்பியில்லா வலை: ஆய்வு நிதி பெற்று முடித்த அனுபவம்

மதுரைக்குத் தெற்கே ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறேன். எங்கள் பகுதிக் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர் வரும். அந்த நீர்மட்டத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் வலையமைப்பு ஒன்றை உருவாக்க மத்திய அரசின் ஆய்வு நிதியைப் பெற்று, மூன்றாண்டுகள் நடத்தி, கணக்கையும் முடித்துக் கொடுத்திருக்கிறேன். என்னைப் போன்ற சிறிய கல்லூரி ஆசிரியர்கள் பலர் விண்ணப்பிக்கவே தயங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், அதாவது செர்ப், ஆண்டுதோறும் அழைப்பு விடுத்துவந்த முதன்மை ஆய்வு நிதித் திட்டத்துக்கு 2019இல் முதன்முறை விண்ணப்பித்தேன். நிராகரிக்கப்பட்டது. கூடவே வந்த மதிப்பீட்டாளர் கருத்துரைகளில் ஒன்று, நீர்மட்ட உணரிகளைப் பலரும் செய்துவிட்டார்கள், வலையமைப்பு ஆய்வில் இது சேர்க்கும் புதிய கேள்வி என்ன என்று கேட்டது. படித்த அன்று வருத்தமாக இருந்தாலும், ஒரு வாரம் கழித்து என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தபோது அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் புரிந்தது. பாசனத்தின் தேவையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஆய்வுக் கேள்வியை ஒரே பத்தியில் அடக்கியிருந்தேன்.

அடுத்த ஆண்டு அந்தக் கேள்வியையே முன்னால் வைத்தேன். நாங்கள் பயன்படுத்த எண்ணிய, குறைந்த மின்சக்தியில் சிறு செய்திகளை நெடுந்தொலைவு அனுப்பும் லோரா வகை வலையில் ஒவ்வொரு கருவியும் மற்றவை பேசுகின்றனவா என்று பாராமல் தனக்குத் தோன்றியபோது அனுப்பிவிடும். வெயில் காலத்தில் இதனால் தொல்லை இல்லை. ஐப்பசி மழை இறங்கினால் எல்லாக் கண்மாய்களிலும் ஒரே நேரத்தில் நீர் ஏறும்; எல்லாக் கருவிகளும் ஒன்றாகப் பேசும்; செய்திகள் ஒன்றோடொன்று மோதி அழியும். தகவல் மிகவும் தேவைப்படும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வலை ஊமையாகும். இதை எப்படித் தவிர்ப்பது என்பதே என் கேள்வி. மூன்றாண்டுகளுக்கு 24 லட்சம் ரூபாய்க்கான அனுமதி ஆணை 2021இல் வந்தது.

ஆணை வந்ததும் வேலை தொடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் தவணை கல்லூரியின் பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. திட்டப் பணத்துக்கு வரும் வட்டியைத் தனியே காட்டி அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது விதி. பொதுக் கணக்கில் கலந்த பணத்தின் வட்டியை எப்படிப் பிரிப்பது? கணக்கரும் நானும் இரண்டு சனிக்கிழமைகள் வங்கிப் பட்டியலை வரி வரியாகப் பார்த்து, நாள்வாரியாக இருப்பைக் கணக்கிட்டு, நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயை, மத்திய அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகக் கட்டினோம். பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது ஜிஎஃப்ஆர் 12ஏ படிவம், ரூபாய்க்கு ரூபாய் பொருந்தினால்தான் அடுத்த தவணை வரும். ஆகவே ஆணை வந்த வாரத்திலேயே தனிக் கணக்கு தொடங்கிவிடுங்கள் என்பதை முதல் வேண்டுகோளாக வைக்கிறேன். 2022இல் நிதிப் போக்கு முறையே மாறி, பணம் மையக் கணக்கில் இருக்க, நமக்குப் பூச்சிய இருப்புக் கணக்கும் செலவு வரம்பும் தரும் ஏற்பாடு வந்தது. அரசு நிதியின் செலவைக் கண்காணிக்கும் பிஎஃப்எம்எஸ் இணையதளத்தில் ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் ஒப்புதல் தர வேண்டும். பழகச் சில வாரங்கள் பிடித்தாலும், வட்டித் தலைவலி அதோடு தீர்ந்தது.

கருவி வாங்கிய கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த திறனில் பயன்படுத்த 2005 முதல் உரிமம் தேவையில்லை. இதை நம்பி நான் அமைதியாக இருந்துவிட்டேன். அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்றாலும், வெளிநாட்டிலிருந்து வரும் வானொலிக் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல் வேண்டும். எங்களுக்கு விற்ற நிறுவனம் அதைப் பெற்றிருப்பதாகச் சொன்னது. பெற்றிருந்தது வேறொரு மாதிரிக்கு. நாற்பது கருவிகளும் சுங்கத்தில் ஏழு வாரம் கிடந்தன. அந்த ஏழு வாரத்தில் ஒரு மழைப் பருவமே எங்கள் கையை விட்டுப் போனது. மழையை ஆய்வு செய்பவனுக்கு அது ஓராண்டு இழப்பு. ஒப்புதல் சான்றின் நகலைக் கொள்முதல் ஆணைக்கு முன்பே வாங்கி, மாதிரி எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரையில் கம்பம் நடும் அனுமதி வேறொரு பாதை. பெரிய கண்மாய்களுக்குப் பொதுப்பணித் துறை, சிறியவற்றுக்கு ஊராட்சி ஒன்றியம் என்று மனு எழுதி வைத்திருந்தேன். 2021இல் தமிழ்நாட்டில் நீர்வளத் துறை தனித் துறையானதால் மனுக்களைத் திருத்தி எழுத நேர்ந்தது. எங்கள் பகுதி உதவிப் பொறியாளர் நேரில் வந்து கலுங்கைச் சுற்றிப் பார்த்து, “சார், இங்கே நட்டால் மறுகால் வேகத்தில் கம்பம் போய்விடும், அந்தக் கருவேலமரத்துப் பக்கம் வையுங்கள்” என்றார். அவர் சொன்ன இடத்தில் வைத்த கம்பம் இன்றும் நிற்கிறது.

ஆய்வு உதவியாளர் கிடைப்பது எளிதன்று. கேட் அல்லது நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சி பெற்றவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வரத் தயங்குகிறார்கள். முதலில் சேர்ந்தவர் பதினோரு மாதத்தில் மென்பொருள் வேலைக்குச் சென்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக 2023 ஜனவரி முதல் முன்தேதியிட்டு உயர்ந்தது, இரண்டாவதாக வந்த மாணவியை நிலைக்க வைத்தது. நிலுவைத் தொகை கையில் வந்த அன்று அவர் தன் அப்பாவுக்குப் போன் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கணக்கீடுதான் கடைசித் தடை. ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் பேசும் நிலையை எங்கள் ஆய்வகக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் பதினோரு மணி நேரம் ஆனது. எங்களுக்கு அதைப் பல நூறு முறை ஓட்ட வேண்டியிருந்தது. 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் 838 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள்) திறனுள்ள பரம் பொருள் மீக்கணினி தொடங்கப்பட்டது. 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் அமைத்தது அது. அங்குள்ள பேராசிரியர் ஒருவரோடு கூட்டாகச் சேர்ந்து நாங்கள் அதைப் பயன்படுத்தினோம். மாதக் கணக்கில் நீண்டிருக்கக்கூடிய வேலை ஒரு வாரத்துக்குள் முடிந்தது. கருவிகள் நீர் ஏறும் வேகத்தைப் பொறுத்துத் தம் முறையைத் தாமே தள்ளிப் போட்டுக்கொள்ளும் வழிமுறை பலன் தரும் என்பது அப்போதுதான் உறுதியானது.

அந்த இயக்கத்தை மின்னணுவியல் அமைச்சகமும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நடத்துகின்றன. எனக்கு நிதி தந்த வாரியமும் அதே அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கியதுதான். பெரிய ஆய்வு நிறுவனங்களை இணைக்க 2010இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமும் இருக்கிறது. நிதி, கணினி, வலை மூன்றும் அரசிடம் தயாராக உள்ளன. ஆனால் என் அனுமதி ஆணையில் பணம் மட்டுமே இருந்தது. மற்ற இரண்டையும் தேடிச் சென்று அறிமுகம் பிடிக்க வேண்டியிருந்தது. கணினி நேரம் இத்தனை மணி, வலை இணைப்பு இந்த நிறுவனம் வழியாக என்று அந்த ஆணையிலேயே இரண்டு வரிகள் இருந்தால், திருச்சியில் ஆள் தெரியாத ஆசிரியருக்கும் அந்த வாசல் திறக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

2024 பிப்ரவரியில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, செர்ப் அதனுள் அடங்கியது. என் இறுதி அறிக்கையையும் கடைசிப் பயன்பாட்டுச் சான்றிதழையும் புதிய அமைப்பிடம்தான் கொடுத்தேன். இப்போது அடுத்த விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கணினி நேரத்துக்கான இசைவுக் கடிதம், நீர்வளத் துறையின் அனுமதி, கருவி வகை ஒப்புதலின் நகல் ஆகிய மூன்றையும் முதலிலேயே வாங்கி இணைத்துவிட்டேன். ஆய்வுக் கேள்வி முதல் பக்கத்தில் இருக்கிறது.