படப்பொட்டியும் பெல்ட்டும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப மோட்டார் கொட்டாய்ல பெரியப்பாவோட உக்காந்து மும்முனை கரண்ட்டுக்கு காத்துக்கிட்டு இருந்தோம், குறுவை நடவு முடிஞ்ச வயலு, தண்ணி வைக்கணும், கரண்ட் எப்ப வரும்னு அந்த மாரியாத்தாளுக்கே வெளிச்சம். பொழுது போகாம போன்ல 1980கள்ல நடந்த ரெஸ்லிங் மேட்ச் ஒன்ன ஓட விட்டேன். எட்டிப் பாத்த பெரியப்பா "ஏன் தம்பி, இன்னமும் இந்த பொய் சண்டைய விடலயா நீ"ன்னாரு.

எப்படி விடுறது. மன்னார்குடில ஆறாவது படிக்கிறப்ப ரெஸ்லருங்க படம் போட்ட டிரம்ப் கார்டு வச்சு வெளயாடாத பய எவன் இருந்தான் சொல்லுங்க. ஹைட்டு, வெயிட்டு, செஸ்ட்டு, பைசெப்ஸ், ராங்க்னு கத்தி கத்தி கார்ட புடுங்குவோம், கைல ராங்க் ஒன்னு வந்துட்டா அன்னிக்கு அவன்தான் கிளாஸ் லீடர் மாதிரி திரிவான். அண்டர்டேக்கர்ங்கற ரெஸ்லருக்கு ஏழு உயிரு, ஆறு போயிட்டு, இன்னும் ஒன்னுதான் பாக்கின்னு ஒருத்தன் கெளப்பி விட்டு நாங்கள்லாம் நைட்டு தூக்கம் இல்லாம கெடந்தோம். சாமி சத்தியமா நம்புனேன்.

ஆனா பெரியப்பா அவ்ளோ சுலபமா பேசிட்டுப் போயிட முடியாது, ஏன்னா அவரு வாழ்க்க பூரா இன்னொரு பொய் சண்டையத்தான் ஊரு ஊரா கொண்டு போனவரு. திருச்சில ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் ஆபீஸ்ல ரெப்பு. படப்பொட்டிய பஸ் டாப்புல ஏத்திக்கிட்டு பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைன்னு போயி, தியேட்டர் கவுண்டர் பக்கத்துலயே உக்காந்து எத்தன டிக்கெட் கிழிச்சாங்கன்னு எண்ணி டி.சி.ஆர், அதாவது அன்னன்னிக்கு வசூல் கணக்கு எழுதி அனுப்புற வேல. அவருக்கு அமெரிக்கா ரெஸ்லிங் பிசினஸ் எப்படி இருந்துச்சுன்னு வெளக்கறதுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகல. "பெரியப்பா, அங்கயும் ஏரியா சிஸ்டம்தான்"னேன். டக்குனு நிமிந்து உக்காந்துட்டாரு.

தெரியாதவங்களுக்கு: தமிழ் சினிமா யாவாரத்துல தமிழ்நாட்ட துண்டு துண்டா பிரிச்சு வச்சிருப்பாங்க. சென்னை சிட்டி, செங்கல்பட்டு, ரெண்டு ஆற்காடும், சேலம், கோயமுத்தூர், மதுரை-ராம்நாடு, திருநெல்வேலி-கன்னியாகுமரி, அப்புறம் நம்ம திருச்சி-தஞ்சாவூர், அதான் டி.டி. டி.டி. ஏரியா வாங்குனவன் மதுரைல படம் போட முடியாது, மதுரைக்காரன் கும்மோணத்துக்குள்ள வர முடியாது. அவனவன் வேலிக்குள்ள அவனவன் ராஜா.

அமெரிக்கால இதே கதைதான். 1948ல அயோவா மாநிலத்துல வாட்டர்லூன்னு ஒரு ஊர்ல (நம்ம ஊர்ல நெல்லுன்னா அங்க சோளம், அம்புட்டுதான் வித்தியாசம்) அந்தப் பக்கத்து புரமோட்டருங்க, அதாவது ரெஸ்லிங் ஷோ நடத்துற முதலாளிங்க சில பேரு கூடி நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ்னு ஒன்ன ஆரம்பிச்சாங்க. என்.டபிள்யூ.ஏ. அக்ரிமென்ட் ரொம்ப சிம்பிள், உன் ஏரியாவுக்குள்ள நான் வர மாட்டேன், என் ஏரியாவுக்குள்ள நீ வராத, வெளியாள் எவனாவது நடுவுல பூந்து ஷோ போட்டா எல்லாரும் அவங்கவங்க நல்ல ஆளுங்கள அனுப்பி அவன காலி பண்ணுவோம். பேச்சு கேக்காத ரெஸ்லருக்கு எந்த ஏரியாவுலயும் வேல கெடையாது, நம்மூரு பாஷைல சொன்னா ரெட் கார்டு. இது சட்ட விரோதம்னு அமெரிக்க அரசாங்கம் கேஸ் போட்டு 1956ல கையெழுத்தும் வாங்குச்சு, இனிமே அப்படிலாம் பண்ண மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறமும் அதையேதான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. கேக்க பழகுன கதையா இருக்குல்ல.

மெம்பிஸ்ல ஒரு கம்பெனி, டல்லாஸ்ல ஒன்னு, போர்ட்லாண்ட்ல ஒன்னு, ஃப்ளோரிடால ஒன்னு, சார்லட்ல கிராக்கெட் குடும்பம், கனடா கால்கரில ஸ்டூ ஹார்ட், அதான் நம்ம பிரெட் ஹார்ட்டோட அப்பா. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு லோக்கல் ஹீரோ, மெம்பிஸ்னா ஜெர்ரி லாலர், டல்லாஸ்னா வான் எரிக் பசங்க. சனிக்கெழம ஆனா அந்தந்த ஊர் டிவி ஸ்டேஷன்ல சின்ன ஸ்டுடியோ போட்டு ஷோ காட்டுவாங்க. ஆனா அது டிரெய்லர்தான், அதுல காசு இல்ல. வில்லன் வந்து ஹீரோவ சேரால அடிச்சுட்டு "திங்கக்கெழம ஸ்டேடியத்துக்கு வாடா பாத்துக்குறேன்"ன்னு சவுண்டு விடுவான், ஜனம் டிக்கெட் வாங்கிட்டு ஓடும். வரும்படி பூரா கேட்டுலதான், அதாவது டிக்கெட் வசூல்லதான்.

இப்ப நான் சொன்னதுலயே பெரியப்பாவுக்கு ரொம்ப புடிச்ச விஷயத்துக்கு வரேன். என்.டபிள்யூ.ஏ.ல எல்லா ஏரியாவுக்கும் சேத்து ஒரே ஒரு வேர்ல்டு சாம்பியன். லூ தெஸ்னு ஒருத்தரு ரொம்ப வருஷம் அந்தப் பட்டத்தையும் அதுக்கு அடையாளமான பெல்ட்டையும் வச்சிருந்தாரு, அவரு இந்தியாவுக்கே வந்து நம்ம நாட்டு பயில்வான் தாரா சிங்கோட மோதியிருக்காரு. (தாரா சிங் பேரக் கேட்டதும் "அட, கிங்காங் பயில்வானோட சண்ட போட்டாரே"ன்னு பெரியப்பா பதினஞ்சு நிமிஷம் வேற ரூட்ல போயிட்டாரு, அத விடுங்க.) அந்த சாம்பியன் பெல்ட்ட தூக்கிக்கிட்டு வருஷம் பூரா ஏரியா ஏரியாவா சுத்திக்கிட்டே இருப்பாரு. போற ஊர்லலாம் லோக்கல் ஹீரோவோட மோதணும், லோக்கல் ஹீரோ ஜெயிக்கிற மாதிரி ஜெயிக்கிற மாதிரி வந்து கடசில ஒரு மணி நேரம் முடிஞ்சு டிரான்னு பெல் அடிக்கும். நம்ம ஆளு உலக சாம்பியனுக்கு சமானம்டான்னு ஊரே சந்தோஷமா வீட்டுக்குப் போகும், சாம்பியன் விடியக்காலம் வண்டி புடிச்சு அடுத்த ஊரு.

"அப்ப அந்த ஆளுதான் பொட்டி"ன்னாரு பெரியப்பா.

இவ்ளோ வருஷம் ரெஸ்லிங் பாக்குறேன், இத ஒருத்தர் இப்படி சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒரே பிரின்ட்ட ரெண்டு தியேட்டருக்கு ஓட்டுற காலத்துல, இங்க முதல் ரீல் முடிஞ்சதும் அத சைக்கிள்ல கட்டி அடுத்த தியேட்டருக்கு அனுப்புவாங்க, ரீல் வர லேட்டாச்சுன்னா விசிலும் செருப்பும் பறக்கும். அந்த பிரின்ட்டு மாதிரிதான் சாம்பியனும். பொட்டி வந்தாத்தான் ஊருக்கு திருவிழா, ஆனா பொட்டி யாருக்கும் சொந்தம் இல்ல. மலை மாதிரி இருந்த ரெஸ்லரு ஆந்த்ரே தி ஜெயண்ட்டையும் அப்படித்தான் சுத்த விட்டாங்க, ஒரு ஊர்ல கொஞ்ச நாளைக்கு மேல வைக்க மாட்டாங்க, அடிக்கடி பாத்தா மலையும் மடுவாத்தான் தெரியும்னு.

இதுல நியூயார்க் மட்டும் கொஞ்சம் திமிரு புடிச்ச ஏரியா. சென்னை சிட்டி மாதிரின்னு வச்சுக்கங்களேன். அந்த ஏரியா புரமோட்டர் வின்ஸ் மக்மேன் சீனியர் 1963ல என்.டபிள்யூ.ஏ.வ விட்டு வெளில வந்து சொந்தமா பெல்ட்டு போட்டாரு. அந்த வருஷம் மே மாசம் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல புரூனோ சமார்ட்டினோன்னு இத்தாலிலேந்து பொழைக்க வந்த ஒரு ஆளு 48 செகண்டுல பெல்ட்ட புடுங்கி 1971 வரைக்கும் விடல, ஏழரை வருஷத்துக்கு மேல. (நமக்கு ஏழரைன்னா சனி, அவருக்கு ராஜயோகம்.) அந்த ஊர்ல இருந்த இத்தாலிக்கார ஜனம் மொத்தமும் அவரு பின்னாடி. பின்னாடி 1971ல மறுபடி அலையன்ஸ்ல சேந்துக்கிட்டாங்க. எது எப்படியோ, பெரியவரு வேலிய மதிச்ச மனுஷன், மத்த புரமோட்டருங்களுக்கெல்லாம் கூட்டாளி.

1982ல அவரு கம்பெனிய மகனுக்கு வித்தாரு. மகன்னு சும்மா தூக்கிக் குடுக்கல, தவணை முறைல காசு. அந்த மகன்தான் நமக்குத் தெரிஞ்ச வின்ஸ் மக்மேன், அந்த கம்பெனிதான் இன்னிக்கு டபிள்யூ.டபிள்யூ.இ. நான் என்ன பண்ணப் போறேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கு வித்திருக்கவே மாட்டாருன்னு பிற்பாடு அவரே பேட்டில சொல்லிருக்காரு.

அப்படி என்ன பண்ணாரு. 1983ல என்.டபிள்யூ.ஏ.ல இருந்து வெளில வந்தாரு, மத்தவன் ஏரியா டிவி ஸ்டேஷனுக்கே நேரா போயி காசு குடுத்து அவன் ஸ்லாட்ட வாங்குனாரு. லோக்கல் புரமோட்டருக்கு டிவி போச்சுன்னா டிரெய்லர் போச்சு, டிரெய்லர் போச்சுன்னா கேட்டு காலி. கூடவே ஏரியாவுக்கு ஒரு நல்ல ஆள தூக்குனாரு. மினியாபொலிஸ்ல வெர்ன் காக்னேங்கற புரமோட்டர்ட்ட இருந்த ஹல்க் ஹோகன கொண்டாந்து 1984 ஜனவரி 23ந்தேதி அப்ப சாம்பியனா இருந்த அயர்ன் ஷேக்க ஜெயிக்க வச்சு பெல்ட்ட குடுத்தாரு. பொட்டி இப்ப சுத்தல, ஒரே முதலாளி கைல. காக்னே கம்பெனி 1991ல இழுத்து மூடியாச்சு.

இங்க ஒன்னு சொல்லணும். எல்லாரும் வின்ஸு வேலிய ஒடச்சாருன்னு எழுதுவாங்க, என்னக் கேட்டா வேலி அதுக்கு முன்னாடியே ஓட்டையாயிட்டு. 1976 டிசம்பர்லயே டெட் டர்னர் அட்லாண்டால இருந்த அவரு டிவிய சாட்டிலைட்டுல ஏத்திட்டாரு. அதுல ஜார்ஜியா ஏரியா ரெஸ்லிங் ஓடுது, நாடு பூரா கேபிள்ல தெரியுது. டி.டி. ஏரியாவுக்கு வாங்குன படம் ஆகாசத்துலேந்து எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல கொட்டுனா ஏரியாவுக்கு என்ன அர்த்தம் இருக்கு? அந்த ஓட்டைல மொத ஆளா தலைய விட்டவருதான் வின்ஸு. அந்த ஜார்ஜியா கம்பெனி ஷேர்களையே பங்காளிங்கள்ட்ட வாங்கி, 1984 ஜூலை 14, சனிக்கெழம சாயங்காலம் 6.05க்கு டிவிய போட்ட ஜனத்துக்கு அவங்க ஆளுங்களுக்கு பதிலா இவரு மூஞ்சி தெரிஞ்சுது. பிளாக் சாட்டர்டேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. ஜனம் கடுதாசி போட்டு திட்டித் தீத்துட்டு. எங்க ஆளு எங்கடான்னு. கடசில அந்த ஸ்லாட்ட 1985ல ஜிம் கிராக்கெட்டுக்கு 10 லட்சம் டாலருக்கு தள்ளி விட்டாரு.

1985 மார்ச் 31 வின்ஸோட பெரிய ஷோ, மொத ரெஸில்மேனியா. நடிகர் மிஸ்டர் டி, பாட்டுக்காரி சிண்டி லாப்பர், முகமது அலி வரைக்கும் வந்தாங்க. பெரியப்பா காது நீண்டது எங்கன்னா, வெளியூர்க்காரன் அத எப்படி பாத்தான்னு சொன்னப்ப. குளோஸ்டு சர்க்யூட், அதாவது நூத்துக்கும் மேல அரங்கத்துலயும் தியேட்டர்லயும் ஸ்கிரீன் கட்டி லைவ்வா காட்டுனாங்க, டிக்கெட் வாங்கி உக்காந்து பாத்தாங்க. "ஒரே நாள்ல அத்தன சென்டரா!"ன்னு வாயப் பொளந்தாரு. கிராக்கெட் குடும்பமும் 1983லயே ஸ்டார்கேட்னு அதே முறைல காட்டிருக்கு, ஆனா அது தெற்கு மாநிலங்களோட நின்னுட்டு. 1987ல ரெஸில்மேனியா மூனு, ஹோகன் ஆந்த்ரேவ தூக்கிப் போட்டது, ஸ்டேடியத்துல 93,173 பேருன்னு அறிவிச்சாங்க. அந்த நம்பர் கொஞ்சம் ஊதுனதுதான்னு சண்ட இன்னும் ஓயல. பெரியப்பா சொன்னாரு, கவுண்டர் பக்கத்துல ரெப்பு இல்லன்னா அப்படித்தான் சொல்லுவான்.

அதே 1987 நவம்பர்ல நடந்ததுதான் எனக்கு ரொம்ப கசப்பு. கிராக்கெட்டு தேங்ஸ்கிவிங் பண்டிகை அன்னிக்கு ஸ்டார்கேட்ட பே பர் வியூல, அதாவது தனியா காசு கட்டி வீட்டு டிவில பாக்குற மாதிரி போடறாரு. அது அவங்க குடும்பத்துக்கு தீவாளி படம் மாதிரி, அந்த தேதி அவங்களோடது. அதே நாள்ல வின்ஸு சர்வைவர் சீரீஸ்னு புதுசா ஒன்ன எறக்கி, கேபிள்காரங்கள்ட்ட, அத போட்டீங்கன்னா அடுத்த ரெஸில்மேனியா ஒங்களுக்கு கெடையாதுன்னுட்டாரு. தியேட்டர்காரன் யாராவது இத படிச்சா சிரிப்பான், தீவாளிக்கு அவன் படத்த போட்டா பொங்கலுக்கு என் படம் இல்லங்கற டயலாக்க கேக்காத தியேட்டரே கெடையாது. கொஞ்ச பேரத் தவிர எல்லாரும் வின்ஸு பக்கம் சாஞ்சாங்க. கிராக்கெட்டு 1988 மார்ச்ல ரெஸில்மேனியா அன்னிக்கே டிவில ஃப்ரீயா ரிக் ஃப்ளேரையும் ஸ்டிங்கையும் 45 நிமிஷம் மோத விட்டு திருப்பிக் குடுத்தாரு, ஆனா நாடு பூரா போகணும்னு கடன உடன வாங்கி அகலக்கால் வச்சதுல அந்த வருஷக் கடைசிலயே டர்னர்கிட்ட வித்துட்டாரு. அதுதான் டபிள்யூ.சி.டபிள்யூ.

அந்த கம்பெனி 1995ல திங்கக்கெழம நைட்ரோன்னு டிவி ஷோ ஆரம்பிச்சு, தொடர்ந்து 83 வாரம் வின்ஸோட 'ரா' ஷோவ டிஆர்பில அடிச்சதெல்லாம் தனிக்கதை, பல பேரு எழுதிட்டாங்க. எனக்கு அதுல ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், ரெண்டு கடை போட்டி போட்ட அந்த அஞ்சாறு வருஷம்தான் ரெஸ்லருக்கு பேரம் பேச முடிஞ்சுது. 2001 மார்ச்ல டபிள்யூ.சி.டபிள்யூ.வ அடிமாட்டு வெலைக்கு வின்ஸே வாங்கிட்டாரு, அப்புறம் ரொம்ப வருஷத்துக்கு அமெரிக்கால பெரிய கடைன்னா ஒன்னுதான், 2019ல ஏ.இ.டபிள்யூ.ன்னு புது கம்பெனி வர வரைக்கும்.

பொய் சண்டைங்கறதையும் 1989ல வின்ஸு கம்பெனிக்காரங்களே நியூஜெர்சி செனட்ல ஒத்துக்கிட்டாங்க, இது ஸ்போர்ட்ஸ் இல்ல, என்டர்டெயின்மென்ட்டுன்னு. நேர்மையால இல்ல, ஸ்போர்ட்ஸுன்னா அரசாங்கத்தோட ஸ்போர்ட்ஸ் கமிஷனுக்கு கட்டுப்படணும், வரி கட்டணும். அதுனால கூட்டம் ஒன்னும் கொறையல. மெலட்டூர் பாகவத மேளா நாடகத்துல நரசிம்மர் மூஞ்சி போட்டவரு இரணியன பாத்து ஆவேசமா பாய்றப்ப நாலு பேரு புடிச்சு நிறுத்துறாங்க, அது நாடகம்னு அங்க யாருக்குத் தெரியாது?

இப்ப யோசிச்சா ஏரியா சிஸ்டம் ஒன்னும் புண்ணிய காரியம் இல்ல. அது முதலாளிங்க தங்களுக்குப் போட்டுக்கிட்ட வேலி, ரெஸ்லர பாதுகாக்க இல்ல. ஆனா அதுல தெரியாத்தனமா ஒரு நல்லது இருந்துச்சு. மெம்பிஸ்ல மவுசு கொறஞ்சவன் "தோத்தவன் ஊர விட்டுப் போகணும்"னு ஒரு மேட்ச் வச்சு தோத்துட்டு போர்ட்லாண்டுக்கு கெளம்பிடுவான், அங்க புது பேரு, புது வேஷம், ரெண்டு வருஷம் பொழப்பு ஓடும். அண்டர்டேக்கரே டெக்சாஸ், டென்னசி பக்கம்லாம் வேற வேற பேர்ல திரிஞ்சு தேறி வந்த ஆளுதான். ஏழு உயிருன்னு நாங்க சொன்னது ஒரு வகைல சரிதான் போல.

இவ்ளோத்தையும் சொல்லி முடிச்சேன். ஹோகன் பத்தியோ வின்ஸு பத்தியோ ஏதாவது கேப்பாருன்னு பாத்தா, பெரியப்பா துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கிட்டு, "கம்பெனிய மூடுனானுவளே, அந்த லோக்கல் ஆளுங்களுக்கு பாக்கில்லாம் செட்டில் பண்ணானுவளா"ன்னாரு.

ரெஸ்லருங்கள இன்னிக்கு வரைக்கும் கம்பெனி ஆளா கணக்கு வைக்கறது இல்ல, தனி கான்ட்ராக்ட் ஆளுன்னுதான் எழுதிக்குவாங்க, அதுனால பி.எப், பென்ஷன்லாம் கெடையாதுன்னு சொன்னேன்.

"அப்ப நம்ம தியேட்டர் ஆபரேட்டரு மாதிரிதான்"ன்னாரு. அவரு இருந்த தியேட்டருக்கும் படம் சாட்டிலைட்டுல வர ஆரம்பிச்சப்ப, பொட்டியும் இல்ல, பொட்டி தூக்குற ஆளும் இல்ல. அந்த கடைசி தகரப் பொட்டி இப்ப எங்க வீட்டு அடுப்பாங்கரைல இருக்கு, பெரியம்மா உளுந்து கொட்டி வச்சிருக்காங்க, மூடில நீல பெயின்ட்டுல டி.டி.ன்னு எழுதுனது இன்னும் அழியல.

இன்னும் ஏதோ கேக்க வந்தாரு, அதுக்குள்ள கொட்டாய்ல மூனு பல்பும் பளிச்சுனு எரிஞ்சுது. "மும்முனை வந்துட்டு, எழுந்திரு, மோட்டர போடு"ன்னு மம்பட்டிய எடுத்துக்கிட்டு வரப்புல எறங்கிட்டாரு.